சலாம் நிற்கும் இடத்தில் தொடங்குகிறது

(மணலூர்பேட்டையில் நம் அறக்கட்டளையின் மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் இஷா தொழுகைக்குப் பிறகு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவி, மருத்துவ உதவி, குமர் காரியம், ஜகாத் கணக்கு என்றுதான் பேசுவோம். இன்று பேசப்போவதும் குடும்ப நலம்தான். ஆனால் பணத்தால் தீராத ஒரு விஷயம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு தகப்பனார் நம் அலுவலகத்துக்கு வந்தார். விண்ணப்பம் எதுவும் கொண்டுவரவில்லை. எல்லோரும் போகும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார்: "என் மகன் நல்ல பையன். அஞ்சு வேளை தொழுகிறான். சிகரெட் கிடையாது, சினிமா கிடையாது. நான் சந்தோஷப்பட வேண்டியவன். ஆனால் பெருநாள் அன்னைக்கு அவன் நன்னிமாவுக்கு சலாம் சொல்லலை. கேட்டா, ஃபாத்திஹா ஓதுறவங்க, தர்காவுக்குப் போறவங்க முஷ்ரிக், அவங்களுக்கு சலாம் கிடையாதுங்கிறான். அவனுக்கு அலிஃப் பே சொல்லிக் கொடுத்ததே எங்கம்மாதான் பாய்."

பிறகு ஒரு கேள்வி கேட்டார். "ஹஜ்ரத்கிட்ட சொன்னா ஊருக்குத் தெரிஞ்சிடும். வெளியில சொன்னா பையன் பேர் கெட்டுப்போகும், நாளைக்கு ஏதாவது வழக்குல கூட மாட்டிக்குவான். சொல்லாம இருந்தா அவன் எங்கே போய் நிப்பானோன்னு பயமா இருக்கு. நான் யாருகிட்ட போறது?"

அன்று எங்களிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததையும் கேட்டதையும் தான் இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஃபாத்திஹா ஓதலாமா, மவ்லிது கூடுமா, தர்கா ஜியாரத்தின் எல்லை எது என்ற கேள்விகளில் ஆலிம்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அதில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல இந்த மேடை இல்லை. அந்தத் தம்பி ஃபாத்திஹா சோற்றைச் சாப்பிட மாட்டேன் என்றால் அது அவர் உரிமை. தாடி வைப்பதும், பர்தா அணிவதும், தொழுகையில் உறுதியாக இருப்பதும் தீவிரவாதம் அல்ல. அப்படிச் சொல்கிறவர்களுக்கு மார்க்கமும் தெரியாது, மனிதர்களையும் தெரியாது.

'அடிப்படைவாதம்' என்ற சொல்லே நம்மிடம் பிறந்ததல்ல. 1910 முதல் 1915 வரை அமெரிக்காவில் சில புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் தங்கள் மதத்தின் அடிப்படைகளை வலியுறுத்திச் சிறுநூல்களை வெளியிட்டார்கள். அந்த வழியில் நின்றவர்களைக் குறிக்க 1920-இல் இந்தச் சொல் உருவானது. பின்னர்தான் அது எல்லா மதத்தாருக்கும் ஒட்டப்பட்டது. நமக்கோ ஈமானின் அடிப்படைகளைப் பற்றிப் பிடிப்பது கடமை. ஆகவே ஒருவர் தன் மார்க்கத்தை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறார் என்பதை நாங்கள் அளவாக எடுக்கவில்லை. தன்னிடமிருந்து வேறுபடுகிறவரை அவர் என்ன செய்கிறார் என்பதுதான் அளவு. கருத்தை மறுக்கிறாரா, அல்லது ஆளையே மார்க்கத்திலிருந்து வெளியே தள்ளுகிறாரா?

இந்தத் தள்ளுதல் ஏன் நம் காலத்தில் இவ்வளவு பெருகியது? சமூகவியல் அறிஞர்கள் சொல்லும் காரணங்கள் நம் வீடுகளிலேயே தெரிகின்றன.

நம் பாட்டனார்கள் மார்க்கத்தை ஊரிலிருந்து கற்றார்கள். ஓதிக்கொடுத்த லெப்பை, கல்யாணத்துக்கும் மவுத்துக்கும் வந்த அதே ஹஜ்ரத், கந்தூரி, அரபுத் தமிழ்க் கிதாபு என்று எல்லாம் ஒரே இடத்தில் இருந்தன. அதில் அறியாமையும் கலந்திருந்தது, மறுப்பதற்கில்லை. 20-ஆம் நூற்றாண்டில் ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி போன்றோரின் உழைப்பால் குர்ஆன் தமிழில் கைக்கு வந்தது. ஒவ்வொருவரும் நேரடியாகப் படிக்க முடிந்தது. இது அல்லாஹ்வின் பெரிய அருள். 1970-களில் எண்ணெய் விலை உயர்ந்தபின் நம் ஆட்கள் வளைகுடாவுக்குப் போனார்கள். அங்கே பார்த்த தொழுகை முறையும் பள்ளிவாசலும் வேறு மாதிரி இருந்தன. ஊருக்குத் திரும்பியபோது உம்மாவின் வழக்கங்கள் அவர்கள் கண்ணுக்குப் பிழையாகத் தெரிந்தன. பிறகு கேசட் வந்தது, சிடி வந்தது, இன்று கைப்பேசி.

பிரான்ஸ் நாட்டு அறிஞர் ஒலிவியே ருவா இதைத்தான் ஆராய்ந்தார். மார்க்கம், அது வாழ்ந்த ஊரின் பண்பாட்டிலிருந்து கழன்று தனியே நிற்கத் தொடங்கும்போது புதுவகைத் தீவிரப்போக்கு பிறக்கிறது என்பது அவர் கருத்து. நம் மொழியில் சொன்னால், ஊரில் இருக்கும் ஹஜ்ரத்துக்கு உங்களைத் தெரியும், உங்கள் கோபமும் தெரியும், உங்கள் உம்மாவையும் தெரியும். கைப்பேசியில் பேசுகிறவருக்கு எதுவும் தெரியாது. "உன் நன்னிமா முஷ்ரிக்" என்று சொல்வது அவருக்குச் சுலபம். நாளை அந்தக் கிழவியின் ஜனாஸாவைத் தூக்க வேண்டியவர் அவரல்லவே!

படிப்பதில் ஒரு தவறும் இல்லை. உஸ்தாத் இல்லாமல், எதிர்க்கேள்வி கேட்க ஒருவர் இல்லாமல், தன்னைப் போன்ற நாலு பேரோடு மட்டும் அடைந்து கிடந்து படிப்பதில்தான் ஆபத்து. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மக்காவே சாட்சி. ஹிஜ்ரி 1400 முஹர்ரம் முதல் நாள், அதாவது 1979 நவம்பர் 20, ஜுஹைமான் அல்-உதைபி என்பவரின் தலைமையில் ஒரு கூட்டம் துப்பாக்கிகளோடு ஹரம் ஷரீஃபைக் கைப்பற்றியது. மற்றவர்களின் இஸ்லாம் கெட்டுவிட்டது என்று பேசத் தொடங்கியவர்கள், தங்களுக்குள் ஒருவரையே மஹ்தி என்று அறிவித்துவிட்டு, இரத்தம் சிந்துவது விலக்கப்பட்ட அந்த மண்ணிலேயே சுட்டார்கள். மீட்க இரண்டு வாரங்கள் ஆயின.

மக்கா தூரம் என்று நினைக்கலாம். நம் மொழி பேசும் ஊர் ஒன்றைப் பார்ப்போம்.

இலங்கையின் கிழக்குக் கரையில் மட்டக்களப்புக்குப் பக்கத்தில் காத்தான்குடி இருக்கிறது. சில சதுர கிலோமீட்டருக்குள் நெருக்கமாக வாழும் முஸ்லிம் ஊர். வணிகர்கள், நெசவாளர்கள், ஆலிம்கள் நிறைந்த ஊர். நெடுஞ்சாலையின் நடுவே பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கும். அந்த ஊர் பெரிய காயம் பட்ட ஊர். 1990 ஆகஸ்ட் 3 அன்று இரவு, மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யா பள்ளிவாசலிலும் தொழுதுகொண்டிருந்தவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். பரம்பரை பரம்பரையாய் வாழ்ந்தவர்கள், கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு நடந்தார்கள்.

அடிபட்ட சமூகம் தன்னைச் சுற்றி வேலி போடும். இது மனித இயல்பு. வேலி போட்டபின் உள்ளே இருப்பவர்களில் யார் சுத்தமானவர் என்ற கேள்வி எழுந்தால் அதுதான் நோய். காத்தான்குடியில் எழுந்தது. சில சூஃபி போதகர்களை மார்க்கத்திலிருந்து வெளியேறியவர்கள் என்று கூறும் ஃபத்வாக்கள் முன்பே வந்திருந்தன. 2004-இல் ஒரு சூஃபிப் பிரிவினர் தாக்கப்பட்டார்கள். 2006 டிசம்பரில் அந்தப் பிரிவின் தலைவர் இறந்து அடக்கப்பட்டபோது, அடக்கிய ஜனாஸாவையே தோண்டி எடுத்தார்கள். முஸ்லிமின் மய்யித்தை முஸ்லிம்களே தோண்டினார்கள். அன்று குண்டு எதுவும் வெடிக்கவில்லை. உலகம் கவனிக்கவில்லை. ஊரும் "கொள்கைப் பிரச்சினை" என்று கடந்துபோனது.

இந்த ஊரில் வளர்ந்தவர்தான் ஸஹ்ரான் ஹாஷிம். மதரஸாவில் சேர்ந்து, ஆசிரியர்களோடு முரண்பட்டு, ஓதி முடிக்காமல் வெளியேற்றப்பட்டவர். ஒரு அமைப்பில் சேர்ந்தார், அங்கிருந்தும் பிரிந்தார், பிறகு தனக்கென்று 'தேசிய தவ்ஹீத் ஜமாஅத்' என்று ஒன்று தொடங்கினார். நல்ல நாவன்மை. தமிழில் பேசிய பயான்கள் இணையம் வழியாகப் பரவின. 2017 மார்ச்சில் அவருடைய ஆட்களுக்கும் சூஃபி வழியினருக்கும் இடையே வாள்களோடு மோதல் நடந்தது. அதன் பின் தலைமறைவானார். அவரைப் பற்றி முஸ்லிம்களே அதிகாரிகளிடம் முன்கூட்டிப் புகார் சொல்லியிருந்தார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் மூன்று பெரிய ஓட்டல்கள். 250-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். மட்டக்களப்பில் இறந்தவர்களில் ஞாயிறு வகுப்புக்கு வந்திருந்த சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் பேசியது தமிழ். இந்தக் கூட்டத்தின் பயான்கள் ஒலித்ததும் தமிழ்.

வறுமைதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். குண்டைக் கட்டிக்கொண்டவர்களில் இருவர் கொழும்பின் பெரிய மசாலாப் பொருள் வணிகரின் மகன்கள். ஒருவர் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் படித்தவர். படிப்பில்லாததுதான் காரணம் என்றால் அதுவும் பொருந்தவில்லை. எங்களுக்குத் தெரிந்தவரை இவர்களுக்குப் பொதுவாக இருந்தது ஒன்றுதான். சொந்த ஊர், சொந்த ஜமாஅத், சொந்த உறவு எல்லாவற்றையும் வெட்டிக்கொண்டு ஒரு சின்ன வட்டத்துக்குள் போய்விட்டவர்கள். முதலில் சூஃபிகள் முஸ்லிம்கள் இல்லை என்றார்கள். பிறகு தங்களோடு சேராத மற்றவர்கள். கடைசியில், ஒரு தீங்கும் செய்யாமல் கோயிலில் முழந்தாளிட்டிருந்த கிறிஸ்தவர்கள். வட்டம் சுருங்கச் சுருங்க வெளியே இருப்பவர்களின் உயிருக்கு மதிப்புக் குறைந்தது.

அதன் விலையை யார் கொடுத்தார்கள்? அந்த மே மாதம் குருநாகல், மினுவாங்கொடை பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. முகத்திரைக்குத் தடை வந்தது. எந்தக் குற்றமும் செய்யாத ஆசிரியைகளும் வியாபாரிகளும் சந்தேகப் பார்வையைச் சுமந்தார்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, குண்டு வைத்தவர்களின் உடல்களை ஏற்க மாட்டோம் என்று அறிவித்தது. ஏப்ரல் 26 அன்று சாய்ந்தமருதில் அந்தக் கூட்டத்தின் மிச்சம் ஒரு வீட்டில் பதுங்கியிருந்தது. அதைக் கண்டு சந்தேகப்பட்டுத் தகவல் சொன்னவர்கள் அந்த ஊர் முஸ்லிம்கள். அவர்கள் வாய் திறந்திருக்காவிட்டால் இன்னும் எத்தனை உயிர் போயிருக்குமோ, அல்லாஹ் அறிவான்.

நம் மாநிலத்துக்கு வருவோம். கோவையில் 1997 நவம்பர் இறுதியில் ஒரு காவலர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தார்கள். அந்த அநீதி உண்மை. அதற்குப் பழி என்று 1998 பிப்ரவரி 14 அன்று குண்டுகள் வைக்கப்பட்டன. 58 பேர் மாண்டார்கள். இறந்தவர்களில் ஒருவர்கூட அந்த அநீதியைச் செய்தவர் என்று யாரும் காட்டவில்லை. பிறகு கைதுகள். ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கிடந்து, 2007-இல் நிரபராதி என்று விடுவிக்கப்பட்டவரும் உண்டு. அந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்?

2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முதல் நாள், அதே கோவையில் கோட்டை ஈஸ்வரன் கோயில் அருகே காரில் வெடித்து ஓர் இளைஞர் இறந்தார். சில நாட்களில் கோட்டைமேடு பகுதி ஜமாஅத்தினர் அந்தக் கோயிலுக்கே போய் அங்கிருந்தவர்களைச் சந்தித்தார்கள். "நாங்கள் உங்கள் அண்டை வீட்டார், அன்றும் இன்றும்" என்பதை நேரில் போய் உணர்த்தினார்கள். 1998-க்கும் 2022-க்கும் இடையே அந்தச் சமூகம் கற்றுக்கொண்ட பாடம் அது.

நம் ஊரை எண்ணிப் பாருங்கள். தை 5-ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தென்பெண்ணைக்கு வருகிறார். சுற்றுவட்டாரமே கூடுகிறது. அந்தக் கூட்டத்தில் கடை போடுகிறவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். எங்கோ ஒருவன் செய்யும் காரியத்தால் நாளை அந்தக் கடைக்காரரும், திருக்கோவிலூருக்குத் துணி விற்கப் போகிறவரும், திருவண்ணாமலைக் கல்லூரிக்கு பஸ் ஏறும் நம் பெண்பிள்ளையும் தலைகுனிய வேண்டுமா?

சரி, என்ன செய்வது? இதற்கு முன்மாதிரி நம் வரலாற்றிலேயே இருக்கிறது. 'காஃபிர்' என்ற பட்டத்தை முஸ்லிம்கள் மேலேயே முதன்முதலாக வீசிய கூட்டம் கவாரிஜ்கள். அலீ (ரலி) அவர்களையே காஃபிர் என்றார்கள். இரவெல்லாம் தொழுதவர்கள், நெற்றியில் ஸுஜூதின் தழும்பு உடையவர்கள். இபாதத்தில் குறை இல்லை. அவர்களிடம் அலீ (ரலி) எப்படி நடந்தார்கள்? பள்ளிவாசலுக்கு வருவதைத் தடுக்க மாட்டோம், சேர வேண்டிய பங்கை நிறுத்த மாட்டோம், நீங்கள் தொடங்காதவரை நாங்கள் போரிட மாட்டோம் என்ற கருத்தில் மூன்று உறுதிகளைக் கொடுத்தார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) நேரில் போய் அவர்களுக்கு நடுவே அமர்ந்து, ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்கள். பெரும் எண்ணிக்கையினர் திரும்பி வந்தார்கள். மிஞ்சியவர்கள் அப்துல்லாஹ் இப்னு கப்பாப் அவர்களைக் கொன்றபோது அலீ (ரலி) அவர்கள் பொறுக்கவில்லை. நஹ்ரவானில் அவர்களை எதிர்கொண்டார்கள். ஹிஜ்ரி 40-இல் கூஃபா பள்ளிவாசலில், ஃபஜ்ர் நேரத்தில், அவர்களில் ஒருவனின் வாளால்தான் அலீ (ரலி) அவர்களும் ஷஹீதானார்கள்.

இதில் மூன்று படிகள் தெரிகின்றன. கருத்து வேறுபாடு என்றால் இடம் கொடு. உறவை வெட்டுகிறான் என்றால் தேடிப் போய் உட்கார்ந்து பேசு. உயிருக்குத் தீங்கு செய்யப் பேச்சு எழுந்தால், சொந்தப் பிள்ளையாக இருந்தாலும் மறைக்காதே. முதல் படியில் இருப்பவனை மூன்றாம் படியில் இருப்பவனாக நடத்துவது அநியாயம். மூன்றாம் படியில் இருப்பவனை முதல் படியில் இருப்பதாக நினைத்துச் சும்மா இருப்பது அதைவிடப் பெரிய அநியாயம்.

2005 ஜூலையில் ஜோர்தான் தலைநகர் அம்மானில் 50 நாடுகளின் 200 ஆலிம்கள் கூடினார்கள். எட்டு மத்ஹபுகளில் எதைப் பின்பற்றுகிறவரும் முஸ்லிமே, அவரைக் காஃபிர் என்று சொல்லக் கூடாது என்று ஒருமித்து அறிவித்தார்கள். ஸூஃபி வழியினரையும் ஸலஃபி வழியினரையும் அப்படிச் சொல்வது ஆகாது என்றும் கூறினார்கள். ஆகவே இது நம் ஊர் சமாதானத்துக்காக நாங்கள் கட்டிய வார்த்தை அல்ல.

தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை தொழ ஆரம்பித்தால் பயப்படாதீர்கள், துஆ செய்யுங்கள். ஆனால் பழைய நண்பர்கள் எல்லோரையும் விட்டுவிட்டு, யாரென்று சொல்லாத புதியவர்களோடு மட்டும் பேசினால், வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினால், பிறர் சாவைக் கேட்டு மகிழ்ந்தால் கவனியுங்கள். கைப்பேசியைப் பிடுங்காதீர்கள். என்ன கேட்கிறாய், நானும் கேட்கிறேன் என்று பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளைக்கு வேலை கிடைக்காத ஏமாற்றமோ, எங்கோ அவமானப்பட்ட வலியோ இருக்கும். அதை வீட்டில் கேட்க ஆள் இல்லாவிட்டால், கேட்கிறவன் எங்கிருந்தாவது வருவான்.

ஜமாஅத் பெரியவர்களுக்கும் சொல்கிறோம். நெஞ்சில் தக்பீர் கட்டியவனைப் பள்ளிவாசலிலிருந்து வெளியே அனுப்பியதும், விரல் அசைத்தவனை முறைத்ததும் நம் தமிழ்நாட்டு ஊர்களில் நடந்ததுதான். தள்ளியது ஒரு பக்கம் மட்டும் அல்ல. நாம் வெளியே அனுப்பிய பிள்ளை வெளியே யாரைச் சந்திப்பான் என்று நாம் யோசிக்கவில்லை.

அந்தத் தகப்பனாருக்கு நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். பெயர் வெளியே வராமல், இரண்டு பேர் மட்டும் அந்தத் தம்பியைச் சந்தித்தோம். ஒருவர் ஆலிம், ஒருவர் அவருக்குக் கிரிக்கெட் கற்றுக்கொடுத்த அண்ணன். முதல் நாள் அவர் வாய் திறக்கவில்லை. மூன்றாம் முறை, ஆலிமிடம் பத்துக் கேள்வி கேட்டார். சிலவற்றில் அவர் பக்கம் ஆதாரம் இருந்தது. ஆலிம் அதை ஒப்புக்கொண்டார். அப்போதுதான் தம்பியின் முகம் மாறியது. இன்றும் அவர் ஃபாத்திஹா சபையில் உட்காருவதில்லை. கருத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. ஆனால் போன மாதம் வேலைக்குப் புறப்படும்போது வாசலில் நின்று, "அஸ்ஸலாமு அலைக்கும் நன்னிமா" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அந்தக் கிழவி அன்று முழுக்க அதையே சொல்லிக்கொண்டிருந்ததாக மகன் வந்து சொன்னார்.

இனி ஒவ்வொரு மாதமும் இரண்டாம் வெள்ளி இஷாவுக்குப் பிறகு நம் அலுவலகத்தில் இளைஞர்கள் கேள்வி கேட்கும் அமர்வு நடக்கும், இன்ஷா அல்லாஹ். எந்த இயக்கமானாலும், எந்த மத்ஹபானாலும் வரலாம். எந்தக் கேள்வியும் கேட்கலாம். யாரையும் காஃபிர் என்று சொல்லக் கூடாது என்ற ஒரே நிபந்தனை உண்டு. "யாருகிட்ட போறது" என்று எந்தத் தகப்பனும் தனியே நிற்க வேண்டாம். இங்கே வாருங்கள். சொன்னது இந்தச் சுவரைத் தாண்டாது. உயிருக்கு ஆபத்தான விஷயம் என்றால் மட்டும், உங்களோடு சேர்ந்தே சட்டத்திடம் போவோம்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்கு மார்க்கத்தில் உறுதியையும், மனிதர்களிடம் மென்மையையும் தருவாயாக. எங்கள் வீடுகளில் சலாம் நின்றுபோகாமல் காப்பாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.